நல்லா இருக்குதுங்க

எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது நாற்பத்தொன்றாவது வயதில். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில், டெஸ்டிங் ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு போத்தனூரில். வீட்டின் முன்பாதியில் என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பின்பாதியில் நாங்கள் குடியிருந்தோம். எவ்வளவு பெருக்கினாலும் செம்புக் கம்பித் துணுக்குகள் அடுப்படி வரைக்கும் வந்துவிடும். அதற்காக அவரோடு நான் போடாத சண்டை இல்லை.

சண்டை என்றால் எனக்குக் கொஞ்சம் கைவந்த விஷயம்தான். மில்லில் என் வேலையே குற்றம் கண்டுபிடிப்பது. நூலை அளந்து சுற்றி, தராசில் நிறுத்து, எத்தனையாம் நம்பர் நூல் என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நூல் சுற்றுகிற கூம்பைக் கோன் என்போம். நாற்பதாம் நம்பர் நூலுக்குப் பச்சை முனை வைத்த கோன், அறுபதுக்குச் சிவப்பு முனை. ஒன்றில் இன்னொன்று கலந்து போனால் நெய்த துணி முழுக்கக் கோடு விழும். அதனால் சீட்டு ஒட்டாத கோன் என் மேஜைக்கு வந்தால் தொடமாட்டேன். எந்த மெஷின், எந்த லாட், யார் அனுப்பினது என்று கேட்டுக் குடைந்துவிட்டுத்தான் கையில் எடுப்பேன். ஸ்பின்னிங் மாஸ்டரே என் வாய்க்குப் பயந்து வேறு வழியாகப் போவார் என்று மில்லில் பேச்சு. அது உண்மையும்கூட.

இப்படிப்பட்டவள் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் வாயில் கொழுக்கட்டை.

எங்கள் டாக்டர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர்தான். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். உட்கார்ந்ததும் என் அட்டையை எடுத்துக்கொண்டு, "எப்படி இருக்குது அம்மணி?" என்று கேட்பார்.

"நல்லா இருக்குதுங்க."

ஒரு வரி எழுதுவார். பெரிய பாட்டிலிலிருந்து வெள்ளை மாத்திரைகளை எண்ணிக் காகிதக் கவரில் போடுவார். காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு என்று கவர் மேல் பேனாவால் இழுப்பார். "செரீங்க, போயிட்டு வாரேனுங்க" என்று எழுந்துவிடுவேன். அது என்ன மாத்திரை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்ற நினைப்பே வந்ததில்லை.

எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. எதிரில் இருப்பவர் மனது நோகப் பேசமாட்டோம். வைத்தியம் பார்க்கிறவரிடம் போய் உங்கள் மருந்தில் குணமாகவில்லை என்பது, விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்பது மாதிரி. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். டாக்டர் மாதம் ஒரு தடவை சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறினால் சர்க்கரை கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே நான் வயிற்றைக் காயப்போடுவேன். சோற்றைத் தொடமாட்டேன். நீலம் மாறாமல் இருப்பதைப் பார்த்து டாக்டர் முகம் மலரும். "பரவாயில்லீங்களே" என்பார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வீட்டுக்கு வருவேன். வந்ததும் இரண்டு நாள் பட்டினிக்கும் சேர்த்துச் சாப்பிடுவேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அந்த இரண்டாம் வருடக் கடைசியில்தான் என் இடது கால் கட்டைவிரல் மரத்துப் போகத் தொடங்கியது. செருப்பு கழன்றால்கூடத் தெரியாது. நாலடி நடந்த பிறகு திரும்பிப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொள்வேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் மனது நோகும் என்பதற்காக மறைத்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பொள்ளாச்சியில் என் நாத்தனார் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றி, முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவருக்கும் விரல் மரத்துப் போவதில்தான் ஆரம்பம். தேங்காய்க் களத்தில் நாள் முழுக்க நின்ற மனிதர், கட்டிலை விட்டு எழ ஆள் தேட வேண்டியதாகிவிட்டது. எனக்கும் காலை எடுத்துவிடுவார்களோ என்று பயம். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற அசட்டு நம்பிக்கை.

அந்த நாத்தனார் ஒரு நாள் காலையில் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றார். "கிளம்பு. ராம்நகர்ல சர்க்கரைக்குன்னே ஒரு பெரிய டாக்டர் இருக்காரு. நான் பட்ட பாடு நீயும் படோணுமா?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். முன்கூட்டிச் சொல்லாததால் எனக்குப் பட்டினி கிடக்க நேரம் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. பெரிய டாக்டர் சின்ன வயதுக்காரர். வேகமாகப் பேசினார்.

"இப்ப ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க."

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார். ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொல்வதா? பெண் பார்க்க வந்தவர்களிடம், இதற்கு முன் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் கதையை யாராவது சொல்வார்களா? எங்கள் இருவருக்கும் அது ஒரே மாதிரிதான் தோன்றியது. இதுவரை மருந்தே சாப்பிடாத ஆளுக்கு என்ன கொடுக்க வேண்டுமோ அதை அவர் எழுதிக் கொடுத்தார். அட்டையில் அடைத்த ரோஸ் நிற மாத்திரை, காலையும் ராத்திரியும்.

வெள்ளையை நிறுத்தினேனா என்றால், இல்லை. தெருவில் பார்த்தால் எங்கள் டாக்டர் "மாத்திரை எடுக்கறீங்களா அம்மணி?" என்று கேட்பார். எடுக்காமல் எடுக்கிறேன் என்று சொல்ல மனம் வரவில்லை. பொய் சொல்வதில் எனக்கு இருந்த விசித்திரமான நேர்மை அது. வெள்ளை ஒரு வழியில் வேலை செய்யும், ரோஸ் இன்னொரு வழியில் வேலை செய்யும், இரண்டும் சேர்ந்தால் நல்லதுதானே என்று இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கினேன்.

பத்துப் பதினைந்து நாளில் புதுத் தொல்லை வந்தது. காலை பதினோரு மணியானால் கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். மில்லில் மற்றவர்கள் வெயிலில் வேர்த்து நிற்கும்போது எனக்கு மட்டும் குளிர்ந்து வேர்க்கும். அகோரப் பசி எடுக்கும். சர்க்கரைதான் ஏறுகிறது என்று முடிவு கட்டினேன். எங்களுக்கெல்லாம் தெரிந்த சர்க்கரை வியாதி ஏறும், அது இறங்கும் என்று யாரும் சொன்னதில்லை. எனவே சாப்பாட்டைக் குறைத்தேன். நான்கு இட்லி இரண்டாயிற்று. பிறகு ஒன்றாயிற்று. நடுக்கம் கூடியது. அந்த ஒன்றையும் விட்டேன்.

மாதம் முடிந்து ராம்நகர் போனபோது பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நல்லா குறைஞ்சிருக்கு. கை நடுக்கம், படபடப்பு, திடீர்னு வேர்க்கிறது, அப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

என் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்தவர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் என்ன சொன்னேன்?

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்குதுங்க."

இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல் இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் மில்லில் ஒரு காலை நேரம், ஒரு லாட் நாற்பதாம் நம்பர் நூலை நிறுத்தேன். தராசின் முள் ஆடிக்கொண்டே இருந்தது. எடை தப்பாக வந்தது. மறுபடியும் நிறுத்தேன், மறுபடியும் தப்பு. அந்த லாட்டை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதி அனுப்பிவிட்டேன். மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஸ்பின்னிங் மாஸ்டரே வந்துவிட்டார். அதே நூலை அதே தராசில் என் கண் முன்னால் நிறுத்தார். எடை சரியாக இருந்தது. முள் ஆடியது என் கையால். பதினாறு வருடத்தில் என் ரிஜிஸ்டரில் விழுந்த முதல் தப்பு அது. பதில் சொல்ல வாயெடுத்தேன். நாக்கு குழறியது. ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தேன்.

அப்புறம் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என்னோடு வேலை செய்த பெண் ஓடிப்போய் எனக்கு டீ வாங்கி வந்தாளாம். எனக்குச் சர்க்கரை வியாதி என்பதால், கேன்டீன்காரரிடம் சண்டை போட்டுச் சர்க்கரை போடாத டீயாக வாங்கி வந்தாளாம். பாவம், அவள் மேல் தப்பில்லை. நல்லவேளை, மில் டிஸ்பென்சரி நர்ஸ் வந்து, "சர்க்கரை இறங்கிப்போச்சு" என்று அந்த டம்ளரைத் தட்டிவிட்டு, வாயைத் தொட்டு விழுங்க முடிகிறதா என்று பார்த்து, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்.

கண் தெளிந்ததும் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"வெள்ளை ஒண்ணுங்க. ரோஸ் ஒண்ணுங்க."

"கலர் கேக்கலீங்க. பேரு?"

"தெரியலீங்க."

"எத்தனை மில்லி கிராம்?"

"தெரியலீங்க."

"ரெண்டையும் ஒரே டாக்டரா குடுத்தாரு?"

இல்லை என்று தலையாட்டினேன். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்பின்னிங் மாஸ்டர் இத்தனை வருடமாகக் காத்திருந்த சந்தர்ப்பம் அது. அவர் விடவில்லை.

"ஏனுங்க, நீங்க போயி சீட்டு ஒட்டாத சரக்கை உள்ள உட்டுபோட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன்னால் அழுகை வந்துவிட்டது. அவமானத்தில்தான் அழுதேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒரு முழம் நூலுக்குக் காட்டிய அக்கறையை நான் என் உடம்புக்குக் காட்டவில்லை.

"டாக்டரைப் பாக்காம ராத்திரிக்கு எந்த மாத்திரையும் போடாதீங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. இன்னைக்கே போகோணும்" என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்குக் கிளம்புமுன் டெஸ்டிங் ரூமுக்குத் திரும்பிப் போய், பையிலிருந்த ரோஸ் மாத்திரை அட்டையை எடுத்தேன். நூலில் முடிச்சு பார்க்கிற லென்ஸை அதன் மேல் வைத்தேன். மேலே பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே எறும்பு மாதிரி சின்ன எழுத்தில் இன்னொரு பெயர், மருந்தின் சொந்தப் பெயர். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். காகிதக் கவரில் இருந்த வெள்ளை மாத்திரையில் எழுத்தே இல்லை. அது என்னவென்று தெரிந்தவர் ஒருவர்தான்.

ஒர்க்‌ஷாப்பில் வார்னிஷ் கையோடு நின்றிருந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டு ஆடிப்போனார். பிறகு சொன்னார்.

"அவருகிட்டப் போயி இதைக் கேட்டா என்ன நினைப்பாரு? வெள்ளையைப் பேசாம உட்டுபோட்டு, ராம்நகர்க்காரர் குடுத்ததை மட்டும் சாப்பிடேன்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. யாருக்கும் தெரியாமல் அந்தக் கவரைச் சாக்கடையில் போட்டுவிட்டால் எல்லோருடைய முகமும் காப்பாற்றப்படும். ஆனால் எது எதுவென்றே தெரியாமல் எதை நிறுத்துவது? பச்சை முனையா சிவப்பு முனையா என்று பார்த்து நூலின் நம்பரைச் சொல்ல நான் யாரையும் விட்டதில்லை. எடை போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "நான் போறேன். வர்றதுன்னா வாங்க" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

டாக்டர் வழக்கம்போல அட்டையை எடுத்து, "எப்படி இருக்குது அம்மணி?" என்றார்.

"ஏனுங்க டாக்டர், நீங்க குடுக்கற மாத்திரையோட பேரு என்னங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நோயாளி உட்காரும் அந்த நாற்காலியிலிருந்து அதுவரை அவர் காதில் விழாத கேள்வி அது. என் வீட்டுக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும். ராம்நகர் போனது, மாத்திரையே சாப்பிடவில்லை என்று அங்கே சொன்னது, இரண்டையும் சேர்த்து விழுங்கியது, காலையில் விழுந்தது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, நான் எழுதி வந்த சீட்டை மேஜையில் வைத்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் சீட்டிலேயே, நான் எழுதியிருந்த பெயருக்குக் கீழே, வெள்ளை மாத்திரையின் பெயரை எழுதினார். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். வெள்ளையும் ரோஸும் ஒரே மருந்து. ஒரு மாதமாக அதை இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிட்டு நான் பட்டினியும் கிடந்திருக்கிறேன்.

"அங்க போனதுல தப்பில்லீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிறகு என் அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். தேதி, நல்லா இருக்கு. தேதி, நல்லா இருக்கு. மேலிருந்து கீழ் வரைக்கும் அதே வரி.

"நீங்க சொன்னதைத்தானுங்க எழுதியிருக்கேன். இதை வச்சுத்தானே நான் மருந்து குடுக்கோணும்?"

என் ரிஜிஸ்டரில் யாராவது ஒரே எண்ணை இருபது தடவை எழுதியிருந்தால், நிறுக்காமலே எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் சொல்லியிருப்பேன். அந்த இருபது வரியும் என் வாயிலிருந்து வந்தவை.

"அந்த நீல மருந்து பரிசோதனையும் பொய்யுங்க. ரெண்டு நாள் பட்டினி கிடந்துட்டு வருவேனுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் எத்தனை பேரு இப்படிச் செய்யறாங்களோ என்னமோ. நானும் மாத்திரைப் பேரை எழுதிக் குடுத்திருக்கோணும்" என்றார். ராம்நகர் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். அவரைப் பார்க்கிற வரைக்கும் என்ன செய்ய வேண்டும், மறுபடி நடுங்கினால் உடனே எதைத் தின்ன வேண்டும் என்று கேட்டேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதி செய்துகொண்டேன். கேட்கக் கேட்க அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவரும் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார்.

கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்று எழுந்துவிட்டேன். இரண்டடி எடுத்து வைத்தபோது இடது கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் குனிந்து எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியுமோ.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இருக்குதுங்க டாக்டர். இடது கால் கட்டைவிரல் மரத்துக் கிடக்குதுங்க. ஆறு மாசமாச்சு. காலை எடுத்துருவாங்களோன்னு பயந்து சொல்லலீங்க."

பேனாவை மூடிவைத்துவிட்டு டாக்டர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் காலைத் தூக்கி அதன் மேல் வைக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே, நானே பார்க்க முடியாத இடத்தில், தோல் சிவந்து வீங்கி ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. கிடுக்கியை எடுத்து எதையோ பிடித்து இழுத்தார். வெள்ளைத் தட்டில் டிங்கென்று விழுந்தது. அரை விரல்கடை நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பித் துண்டு.

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். காயில் கட்டும்போது அவர் வெட்டிப் போடுகிற கம்பி. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எத்தனை நாள் அதன் மேலேயே மில்லுக்கும் வீட்டுக்கும் நடந்தேனோ தெரியாது.

"இன்னும் உள்ள போகலீங்க. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார் டாக்டர். காயத்தை அழுத்திச் சீழை எடுத்தார். மருந்து ஊற்றிக் கழுவினார். பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் பல்லைக் கடித்தார். கட்டுப் போட்டு முடித்ததும் டாக்டர் தன் இடத்துக்குப் போய் அட்டையை எடுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"இப்பச் சொல்லுங்க அம்மணி. எப்படி இருக்குது?"

"வலியே இல்லீங்க டாக்டர்" என்றேன். "அதுதான் பயமா இருக்குதுங்க."

தலையாட்டிவிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினார்.